‘யாராவது வாங்க’ன்னு கூப்பிட்டா யார் வருவாங்க?

ராத்திரி 11 மணி. ‘அவசரம். பி நெகட்டிவ் ரத்தம் தேவை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. யாராவது உதவுங்கள்’ என்று ரத்ததானக் குரூப்பில் ஒரு மெசேஜ் விழுகிறது. குரூப்பில் 200 பேர். அடுத்த அஞ்சு நிமிடத்தில் வரிசையாகக் கும்பிடும் கை எமோஜிகள். ‘ஷேர் பண்ணிட்டேன்’ என்று சிலர். கிளம்பியவர் யாருமில்லை. கொடுக்கக்கூடிய ஒருவரோ திருப்பரங்குன்றத்தில், குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

செல்போன் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பங்குனித் திருவிழாவில் பரங்குன்றம் மலையைத் தேர் சுற்றிவர ஊரே வடம் பிடிக்க வேண்டும். ரத்தத்துக்கு ஊர் வேண்டாம். சரியான இரண்டு பேர் போதும். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

2021 மே மாதம், 18 வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, சென்னையைச் சேர்ந்த புரோகிராமர் பெர்ட்டி தாமஸ் டெலிகிராமில் ஸ்லாட் அறிவிப்புகளை ஏற்பாடு செய்தார். அங்கே எல்லோருக்கும் ஊசி தேவை, அதனால் எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு போனது. ரத்ததானம் அப்படியல்ல. குரூப் பொருந்த வேண்டும்; கடைசியாகக் கொடுத்து ஆண்கள் என்றால் 3 மாதம், பெண்கள் என்றால் 4 மாதம் ஆகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு, உரியவரை மட்டும் ‘மென்ஷன்’ செய்யும் வேலையை ஒரு பாட்டிடம் விடலாம். டெலிகிராமில் 2015 முதல் பாட் வசதி இருக்கிறது. பெயர் சொல்லி மென்ஷன் செய்தால், குரூப்பை மியூட் செய்தவருக்கும் பொதுவாக அறிவிப்பு போய்விடும்.

எப்படிச் செய்வது?

@ போட்டு யூசர்நேமை எழுதுவது ஒரு வழி. ஆனால், யூசர்நேம் ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும். பலர் அதை வைத்துக்கொள்வதே இல்லை. வைத்தவர்களும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மாறாதது, ஒவ்வொரு கணக்குக்கும் டெலிகிராம் தரும் ஐ.டி. எண். உறுப்பினர் ஒருமுறை பாட்டைத் திறந்து ‘ஸ்டார்ட்’ தட்டினால் போதும், அந்த எண் பாட்டுக்குக் கிடைத்துவிடும். கூடவே ரத்த வகையையும், கடைசியாகக் கொடுத்த தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். தேவை வரும்போது, ஐ.டி.யை உள்ளே வைத்த லிங்க்காக அவர் பெயரை பாட் அனுப்பும். குரூப்பில் தெரிவது ‘முருகன்’ என்ற தமிழ்ப் பெயர். குரூப்பை மியூட் செய்தவர்களில் மணி அடிப்பது அவருடைய போனில் மட்டும்.

இங்கே தமிழில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. பெயர் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை எழுத்து நீளம் என்று எண்ணிக்கையாகக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. நமக்கு ‘முருகன்’ நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏழு, உகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். நான்கு என்று கொடுத்தால் ‘முரு’ மட்டும் லிங்க் ஆகி, ‘கன்’ வெளியே நிற்கும். பாட் எழுதித் தரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எதற்கெடுத்தாலும் 200 பேரையும் மென்ஷன் செய்யாதீர்கள். நாலு நாள் தூக்கம் கெட்டால், அஞ்சாவது நாள் குரூப்பை விட்டே கிளம்பிவிடுவார்கள். மதியத்துக்கும் நடுராத்திரிக்கும் வேறு வேறு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, தேவைக்கு மேல் விவரம் சேர்க்காதீர்கள். போன் நம்பரைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டவரின் சொந்த விவரங்களைக் காட்டும் ஒரு டெலிகிராம் பாட், 2023 ஜூனில் நாட்டையே பதறவைத்தது. மென்ஷன் செய்ய போன் நம்பரே தேவையில்லை. ஐ.டி., ரத்த வகை, கடைசித் தேதி போதும். ‘என் பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

‘யாராவது’ என்று கேட்டால், வேறு யாராவது போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ‘முருகன், உங்களால் வர முடியுமா?’ என்று கேட்டுப்பாருங்கள். முடியும் என்றோ, முடியாது என்றோ ஒரு பதில் வரும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவருக்கு, ‘முடியாது’ என்ற பதில்கூட உதவிதான். அடுத்தவரைக் கூப்பிடலாமே!