முட்டையிட்டது சாட்சி ஆகாது

அபிஸ்டோகிராமா என்ற பேரினத்து மீன்களை வளர்ப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஆணும் பெண்ணும் கூடி முட்டையிட்டுவிட்டால் அவை ஒரே இனம், கடையில் சொன்ன பெயரும் சரிதான் என்பதே அது. இந்தத் தென்னமெரிக்கக் குள்ள சிக்லிட்களின் பெயர்கள் தொட்டிக்குத் தொட்டி குழம்பிக் கிடப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கொலம்பியாவின் மெட்டா ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மக்மாஸ்டெரி, வியெஹிடா என்ற இரண்டையும் 1979இல் மீனியலாளர் ஸ்வென் குல்லாண்டர் தனித்தனி இனங்களாக விவரித்தார். ஆனால் வியெஹிடா என்று விற்கப்படுபவற்றில் பல மக்மாஸ்டெரிதான். இவற்றின் ஆண்களைப் பிரித்தறியவே பழகிய கண் வேண்டும். சாம்பல் நிற இளம் பெண் மீன்களில் அது இன்னும் கடினம்.

இனப்பெருக்க நடத்தையாவது துப்புத் தருமா? கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து ஓரத்தில் சிறு வாசல் வெட்டி வைத்தால், பெண் மீன் உள்ளே போய்த் தலைகீழாகத் திரும்பிக் கூரையில் முட்டைகளை ஒட்டும். பிறகு அதன் உடல் பளீரென்ற மஞ்சளாகிக் கருப்புக் குறிகள் எழும். தன்னைவிடப் பெரிய ஆணையே வாசலிலிருந்து துரத்தும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் உடலைச் சட்டென உதறினால் போதும், கூட்டம் முழுவதும் அடித்தரையில் படிந்து அசையாமல் கிடக்கும். பார்க்கப் பார்க்கத் திகட்டாத காட்சி. ஆனால் குகையில் முட்டையிடும் இந்தப் பேரினத்தின் பல இனங்களில் இது ஏறக்குறைய இப்படியேதான் நடக்கிறது. மீன் தாயாகிவிட்டது என்பதை மஞ்சள் நிறம் சொல்லும். எந்த இனம் என்பதைச் சொல்லாது.

பெண் மீனுக்குத் தன் இனம் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால். கிழக்கு அமேசானின் அபிஸ்டோகிராமா கேட்டேயி பற்றி 2006இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு நிற வடிவ ஆண்களை முன்னே விட்டபோது பெண்கள் தங்கள் வடிவத்து ஆண்களையே நாடின. ஒரே ஓர் ஆணோடு அடைத்து வைத்த தொட்டியில் அந்தத் தேர்வுக்கு இடமில்லை. அங்கே நடக்கும் கூடலை இனத்துக்கு அத்தாட்சியாகக் கொள்வது எப்படிச் சரியாகும்? குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வந்தால் இனக்கலப்புதான் காரணம் என்று முடிவுகட்டுவதும் அவசரம். அபிஸ்டோகிராமா இனங்கள் பலவற்றில் குஞ்சுப் பருவ வெப்பநிலை பாலினத்தைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கிறது என்று ஆய்வாளர்கள் ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் 1996இல் காட்டினார்கள். வெப்பம் கூடினால் ஆண்கள் பெருகும். சென்னையின் கோடையில் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மீன் அமைதியாக இருக்கும்போது உடலின் நடுவே ஓடும் கருப்புப் பட்டையின் அகலத்தையும் அது எங்கே முடிகிறது என்பதையும், வாலடிப் புள்ளியின் வடிவத்தையும், கன்னக் கோட்டையும் பாருங்கள். வால் சிவப்பை நம்ப வேண்டாம். அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டெஸில் டபுள் ரெட், ட்ரிபிள் ரெட் என்ற நிற வகைகள் எல்லாம் தொட்டியில் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஆற்றில் பிடித்த மீனின் வழிவந்தது என்ற குறிப்பு வேண்டும். வீட்டுத் தொட்டி மீன் அமேசானுக்குத் திரும்பப் போவதில்லையே, கலந்தால் என்ன என்பார்கள். ஆற்றுக்குத் தீங்கில்லை, உண்மைதான். ஆனால் தொட்டிகளில் தலைமுறைகளாகக் காக்கப்படும் வம்சாவளிக்குத் தீங்குண்டு. ஒருமுறை கலந்த குஞ்சுகள் பெயரோடு நான்கு வீடுகளுக்குப் போய்விட்டால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இனம் உறுதியாகாத ஜோடியை அழகுக்காகத் தாராளமாக வளர்க்கலாம். அதன் குஞ்சுகளை மட்டும் ஊகப் பெயரோடு விற்கக் கூடாது.