பெட்டியில் எழுதட்டும் பொருளின் ஆயுளை

ஞாயிறு மாலை சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் கைப்பேசிக் கடைகளுக்குள் நுழைந்தால் நிற்க இடம் கிடைக்காது. ஊருக்கு அனுப்ப, தங்கைக்குப் பரிசளிக்க, பழசை மாற்ற என்று ஆளுக்கொரு தேவை. பக்கத்துச் சந்துகளில் பழுதுபார்க்கும் சிறு கடைகள். உடைந்த திரையை மாற்றி, உப்பிய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, செத்துப்போன கைப்பேசியை மறுபடி ஓடவைத்துவிடுவார்கள். அந்த வேலை ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிவருகிறது. பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டி மூடுவது யாரோ வடிவமைப்பாளர் எடுத்த முடிவு. திருகாணி வைத்தும் மூடலாம். அறிவியல் இரண்டுக்கும் இடம் தருகிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அறம் சார்ந்த கேள்வி. தவறான தேர்வுக்கு, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் ஊழியர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

பழுதுபார்க்க முடியாதது குப்பைக்குப் போகிறது. நம் குப்பை எரியாலைகள் அபாரமானவை. குப்பையின் பருமனைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, மின்சாரமும் தருகின்றன. மிஞ்சும் சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் குழாய்வழி வீசியதை அப்புறம் நாம் பார்ப்பதில்லை, அதன் நாற்றமும் நமக்கு எட்டுவதில்லை. சுகாதாரத்துக்கு இது பெரும் வெற்றி. ஆனால் கண்ணில் படாத குப்பைக்கு யார் வருந்துவார்கள்? செமாக்காவ் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசே எச்சரித்துவருகிறது. நாடு ஆண்டுதோறும் கழிக்கும் மின்னணுப் பொருள்கள் சுமார் 60,000 டன். அவற்றில் வீடுகளிலிருந்து மறுசுழற்சிக்குப் போவது 6 விழுக்காடுதான் என்றது தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018ல் வெளியிட்ட ஆய்வு.

2021 ஜூலை முதல் மின்னணுக் கழிவுகளைச் சேகரிக்கும் செலவைத் தயாரிப்பாளர்கள் ஏற்கிறார்கள். நல்ல சட்டம். ஆனால் அது பொருள் கழிக்கப்பட்ட பிறகுதான் வேலைசெய்கிறது. பழம்பொருள்களுக்கு மறுவாழ்வு தந்துவந்த சுங்கை ரோடு சந்தையையோ 2017 ஜூலையில் மூடிவிட்டோம். அந்த இழப்பை இன்றுவரை ஈடுசெய்யவில்லை.

பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டுப் பொருள்களை விற்கும் முறையைப் பிரான்ஸ் 2021ல் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் கைப்பேசிகளுக்கும் அப்படியொரு தர எழுத்து உண்டு. ஒரு ரகத்தின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு அதன் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

தர எழுத்து நமக்குப் புதிதல்ல. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களின் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்து ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கிறோம். 2 வெள்ளிப் பானத்துக்குச் செய்வதை 800 வெள்ளிக் கைப்பேசிக்கும் செய்ய வேண்டும். தரம் நிர்ணயிக்கும் குழுவில் சிராங்கூன் சந்துகளில் பழுதுபார்ப்பவர்களுக்கும் இடம் தர வேண்டும். எந்தக் கைப்பேசியைத் திறக்க முடியும், எதைத் திறக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.