சொல் இல்லாத பாட்டு

ஓடைப்பட்டித் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் இளையராஜாவின் சினிமாப் பாட்டுகள்தாம். பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் என்று பெருமையும் பேசுகிறோம். ஆனால் திரைப்படத்துக்கு வெளியே, 1986இல் 'ஹௌ டு நேம் இட்' தந்தவர், 1988இல் இரண்டாவதாகத் தந்த 'நத்திங் பட் விண்ட்' என்னும் வாத்திய இசைத்தொகுப்பை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல்தான் பாடுகிறது. ஒரு பகுதி மேனாட்டு இசைமேதை மொசார்ட்டுக்கு அன்பு சொல்கிறது.

"பாட்டே இல்லையே!" என்றார் அப்பா. வார்த்தை இல்லாவிட்டால் பாட்டாகாதா? எனக்கு அது ஒப்பவில்லை. கதாநாயகன் முகம் குறுக்கே வராமல் இசையை மட்டும் கேட்கலாமே! நம் ஆண்டு விழாவில் ஒருமுறையேனும் இதை ஒலிக்கச் செய்ய வேண்டும். எழுத்தறியாத என் பாட்டி, திராட்சைத் தோட்டத்திலிருந்து களைத்து வந்தவர், முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னொருக்கா போடு தாயி."