அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும்

சென்ற விடுமுறையில் குச்சவெளியிலுள்ள என் தமக்கையார் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தேன். திருகோணமலைக்கு வடக்கே, கடலை அணைந்து கிடக்கும் ஊர் அது. இரவானால் அலையோசையைத் தவிர வேறு அரவமில்லை.

உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மருமகனுக்குப் பழைய ஹெட்போன் ஒன்று கிடைத்திருந்தது. அதன் தடை 300 ஓம். சிறிய வானொலிப் பெட்டியில் மாட்டினால் கொசுவின் ரீங்காரம்போலவே கேட்டது. அதற்கு வலுவூட்ட அவன் ஓர் அம்பிளிபையர் செய்யத் துணிந்தான். சூ மோய் என்பவர் 1990களில் வெளியிட்ட எளிய வரைபடம் அவனுக்கு வழிகாட்டிற்று. மிட்டாய்த் தகரப்பெட்டி ஒன்று, 9 வோல்ட் பற்றரி, எட்டுக் கால்களுள்ள ஒரு சில்லு, சில தடைகள், கொள்ளளவிகள், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி, இவ்வளவே மூலப்பொருள். 10,000 ஓம் தடையும் 1,000 ஓம் தடையும் சேர்ந்து பெருக்கத்தை நிருணயிக்கின்றன: பத்தோடு ஒன்று, பதினொரு மடங்கு.

முதல் நாள் ஒரே இரைச்சல். பையன் சோர்ந்துவிட்டான். "தம்பி, நதானியேல் போல்ட்வின் 1910ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். நம் நாட்டில் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு அமைத்த கருவியால் 1923இல் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925இல் கொழும்பு வானொலி பிறந்தது. நீ ஒரு நாளிற் சோரலாமா?" என்றேன்.

மறுநாள் குற்றம் அகப்பட்டது. ஓரிடத்தில் ஈயம் சரியாகப் பற்றவில்லை. நல்லதையும் தீயதையும் இக்கருவி பிரித்தறியாது; உள்ளே வருவது எதுவோ அதையே பெருக்கும். ஊற்றுக் கலங்கினால் வாய்க்காலும் கலங்கத்தானே செய்யும்!

"மாமா, இப்போது கேட்டுப் பாருங்கள்!" என்று ஹெட்போனை நீட்டினான். நாதஸ்வர வித்துவான் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. சொக்கிப்போனேன்.

அன்றிரவு தமக்கையார் மும்முறை சாப்பிட அழைத்தும் பையன் அசையவில்லை. திருகி கடைசிவரை திரும்பியிருந்தது! உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியைக் கிழமைக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரமே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆதலால் ஒரு சோதனை செய்தோம். தமக்கையார் அடுக்களையில் நின்று வழக்கமான குரலில் அழைத்தார். அக்குரல் பையன் செவிக்கு எட்டும்வரை திருகியைக் குறைத்தோம். அந்த இடத்திற் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தான்.

ஒலியைப் பெருக்கக் கற்றவன் அதனை அடக்கவும் கற்றான். மாணவர்களே, உங்கள் கருவியிலும் அப்புள்ளியை இன்றே இட்டுவிடுங்கள்.