கல்லறைச் சுவரும் கலாத்தியர் கடிதமும்

நவம்பர் 2 வருகிறது. கல்லறைத் திருநாள். இன்னும் சில நாட்களில் மதுரைக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், சிலுவையில் அழிந்துபோன பெயர்களுக்குக் கறுப்பு மை தீட்டுவார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் செவ்வந்தி விலை ஏறும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். சாவுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று பிரசங்கமும் உண்டு.

சமம்தானா? இங்கிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் திருச்சி. அங்கே மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். வாங்கிய ஞானஸ்நானம் ஒன்று, உட்கொண்ட நற்கருணை ஒன்று, உயிர்த்தெழுதலில் வைத்த நம்பிக்கை ஒன்று. குழி மட்டும் வேறு. அதை இடிக்கச் சொல்லி எத்தனையோ முறை போராட்டம் நடந்தாயிற்று.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் மூன்று பதில் சொல்கிறார்கள். 'அது ஊர் வழக்கம் சார், திருச்சபையின் போதனை இல்லை.' 'காலப்போக்கில் தானே மாறும்.' 'நம் வீட்டுச் சண்டையை ஏன் வெளியில் போடவேண்டும், அதுவும் நாடு இருக்கிற இருப்பில்?' மூன்றுமே தப்பு என்பது என் வாதம். மூன்றுக்கும் வேதத்தில் ஏற்கெனவே பதில் இருக்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் ஊர் வழக்கம் என்கிற பதில். 1606-இல் இராபர்ட் தே நொபிலி நம் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தமிழ் உரைநடைக்கே புதுவழி காட்டினார். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் பூணூலும் குடுமியும் சாதி ஆசாரமும் வெறும் சமூக அடையாளங்கள், மதத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல என்பது அவர் கட்சி. வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் சில நிபந்தனைகளோடு பூணூலை அனுமதித்தார். அந்த ஆணையின் கடைசிப் பகுதியை நம்மில் பலரும் படித்ததில்லை. உயர்குலத்தார் என்று எண்ணிக்கொள்பவர்கள் எளிய குலத்தாரை இகழக் கூடாது, கோவிலில் அவர்களை விட்டு ஒதுங்கி நின்று இறைவார்த்தை கேட்பதும் திருவருட்சாதனங்கள் பெறுவதும் தகாது என்று அவர் அதில் மன்றாடிக் கேட்டிருந்தார். சலுகையை உடனே எடுத்துக்கொண்டோம். மன்றாட்டை நானூறு வருஷமாக நிலுவையில் வைத்திருக்கிறோம்.

நான் பள்ளிக்கூடம் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். லிபெர்த்தே, எகாலித்தே, பிரத்தெர்னித்தே என்று சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த ஊர் சம்பா கோவிலுக்குள்ளேயே ஒரு காலத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1745 அக்டோபரில் அந்த மக்கள் முறையிட்டார்கள், சாமியார்கள் சுவரை எடுத்தார்கள், மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். இத்தனையையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? தெற்கே வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோவிலைப் பாருங்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு நீண்ட மண்டபங்கள், ஆளுக்கொரு சாதிக்கு. நடுத்தடுப்பை 1910 வாக்கில் அகற்றியதும், அது எங்கள் உரிமை என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் ஆயர் மேலேயே வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கட்சியை ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் நடத்திய கோர்ட், பவுலடியாரின் கட்சியில் நின்றது. நாம் எதிர்க்கட்சியில் நின்றோம்.

ஆகவே, ஊர் வழக்கம் என்று சொல்லி நழுவமுடியாது. அந்த வழக்கத்துக்குக் கொத்தனார் கூலி கொடுத்தது கோவில் பணம்.

அடுத்து, காலம் மாற்றும் என்கிற பதில். வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தன்பதிவேட்டில் ஒரு ந.க. எண் மூன்று மாதம் நிலுவையில் கிடந்தாலே தாசில்தார் மெமோ கொடுப்பார். சம்பா கோவில் கோப்பு திறந்தது 1745-இல். அதே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் என்ன நடந்தது? தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். இடையில் ஓடியது 263 வருஷம். காலம் மாற்றியது எதை? திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் தலித் கிறிஸ்தவர்கள், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களைப் பிரித்துவைப்பதாகச் சொல்லி நம் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு வந்தார்கள். இங்கே பலிக்காமல் டெல்லிக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. ஞானஸ்நானம் பெற்றவன் நியாயம் கேட்டு உச்சநீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

எறையூர் நடந்து இரண்டே மாதத்தில், 2008 மே 6 அன்று, நம் மாவட்டத்தில் எழுமலைக்குப் பக்கம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை அரசாங்கம் இயந்திரம் வைத்து இடித்துப் பாதை விட்டது. அது கிறிஸ்தவ ஊர் அல்ல. இடித்த அதிகாரி கலாத்தியர் கடிதத்தைப் படித்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. சட்டம் சொன்னது, செய்தார். நமக்குச் சட்டமும் இருக்கிறது, கலாத்தியர் கடிதமும் இருக்கிறது.

அந்தக் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் தயவுசெய்து இன்று இரவு எடுத்துப் படியுங்கள். அந்தியோக்கியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சொந்த சனம் சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்கள், கடைசியில் பர்னபாவும்கூட. பேதுரு ஒரு கோட்பாட்டையும் மறுக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை. இலையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார். நம் ஊரில் இதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். பவுல் என்ன செய்தார்? ஊர் வழக்கம், பொறுத்துப்போவோம் என்றாரா? தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னாரா? சபை நடுவில், எல்லோரும் பார்க்க, முதல் பாப்பரசரை முகத்துக்கு நேரே கண்டித்தார். நற்செய்தியின் உண்மைக்கே அது விரோதம் என்றார்.

பந்தி விஷயம் சுவிசேஷ விஷயம் என்பதே அந்த அதிகாரம். யாக்கோபும் அதையேதான் சொல்கிறார். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்து, ஏழையைக் காலடியில் உட்காரச் சொன்னால், நீங்கள் கெட்ட எண்ணமுள்ள நீதிபதிகள் என்கிறார். கொரிந்தியருக்குப் பவுல் இன்னும் கடுமையாக எழுதினார். ஒருவன் பசித்திருக்க ஒருவன் மிதமிஞ்சிப் போகும் விருந்து ஆண்டவரின் விருந்தே அல்ல என்றார். இந்த வாசகங்களை நாம் கோவிலில் உட்கார்ந்து கேட்கிறோம், முடிவில் நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

இதைச் செய்துகாட்டியவர்களும் நம் மதுரையிலேயே இருந்தார்கள். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள், 1847-இல் சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்து, சேர்ந்து சாப்பிடுவதையே பரீட்சையாக வைத்தார்கள். உபதேசியார்களில் பலர் அதனால் வெளியேறினார்கள். நஷ்டம் என்று தெரிந்தே செய்தார்கள். நம் காலத்தில் அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சோறாக்கி ஒன்றாக உண்பதே வழிபாடு என்று வாழ்நாள் முழுதும் பாடியும் ஆடியும் சொன்னார்.

மூன்றாவது பதில், வீட்டுச் சண்டையை வெளியில் போடாதே என்பது. நாட்டில் சிறுபான்மையினருக்கு நெருக்கடி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியில் போட்டது யார்? ஒவ்வொரு ஆகஸ்டு 10 அன்றும் நாமே தெருவில் நிற்கிறோம். 1950-இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, தலித் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் திறக்கச் சொன்னது. 2022-இல் பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டார்கள். கோரிக்கை நியாயமானது. நானே சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்கள் கட்டிய கோப்புகளைப் பல வருஷம் பார்த்தவன். அண்ணன் இந்து ஆதிதிராவிடர், தம்பி கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் என்பதால் பிற்பட்ட வகுப்பு. வீடு ஒன்று, தெரு ஒன்று, ஊரில் படும் அவமானம் ஒன்று, சான்றிதழ் இரண்டு.

ஆனால் நம் நிலைமையைப் பாருங்கள். அரசாங்கத்திடம் 'எங்களுக்குள் சாதி இருக்கிறது, உரிமை கொடு' என்கிறோம். பிரசங்க மேடையில் 'கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை' என்கிறோம். கல்யாணத் தகவல் மையத்தில் 'நம்ம சாதியிலேயே வேண்டும்' என்கிறோம். ஒரு வாய்க்கு மூன்று நாக்கு. என் தங்கை பேரனுக்குப் பெண் பார்க்க ஒரு தரகரிடம் போயிருந்தோம். 'ஆர்.சி. சரிங்கய்யா, ஆர்.சி.யில என்ன?' என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சரக்கு எப்படிக் கேட்கிறார்களோ அப்படித்தானே கடைக்காரர் அடுக்கிவைப்பார்.

மேலிடம் சொல்லவில்லை என்றும் சாக்குச் சொல்லமுடியாது. 2003 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர், மதுரை உள்பட நம் மாநில ஆயர்களையே முன்னால் வைத்துக்கொண்டு, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்றார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டு தலித் மக்களின் மேம்பாட்டுக்குக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. ஜி.ஓ. போட்டாயிற்று. அமல்படுத்த வேண்டியது பங்குகள். பங்கு என்றால் நாம்தான்.

நாம் என்றால் குறிப்பாக நம் வயதுக்காரர்கள். பங்குப் பேரவையில் உட்கார்ந்திருப்பது நாம். திருவிழா வரி பிரிப்பது நாம். பேரப்பிள்ளைகள் கல்யாணத்தில் 'கிழவர் சம்மதித்தால் போதும்' என்று காத்திருப்பது நமக்காக. இளைஞர்களில் பலருக்கு இந்தச் சுவர் தேவையே இல்லை. அது விழாமல் முட்டுக்கொடுத்து நிற்கிற கைகளில் நரை ரோமம் இருக்கிறது.

ஆகவே, இந்த வருஷம் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்கிறேன். பெரிய புரட்சி எதுவும் இல்லை. பேரன் பேத்தி ஜாதகக் குறிப்பில் மதம் எழுதுங்கள், பங்கு எழுதுங்கள், சாதி வரியை அடித்துவிடுங்கள். திருவிழாவுக்குப் பணம் கேட்டு வந்தால், எல்லாக் குடும்பத்திலும் வாங்குகிறீர்களா, தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லை என்றால் கொடுக்காதீர்கள். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது இதற்கும் பொருந்தும். கல்லறையில் அடக்கம் வரிசைப்படி நடக்கிறதா, வகைப்படி நடக்கிறதா என்று பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தலித் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால் வாசலோடு மாலை போட்டுத் திரும்பாமல் உள்ளே போய் உட்காருங்கள். கொடுக்கிற காபியைக் குடியுங்கள்.

என்னைப் பொறுத்தவரை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பென்ஷன் புத்தகத்தோடு வைத்துவிட்டேன். வரிசைப்படி எந்தக் குழி வருகிறதோ அதில் என்னை இறக்கவேண்டும். பக்கத்தில் யார் என்று பிள்ளைகள் விசாரிக்கக் கூடாது. நீங்களும் அப்படி ஒன்று எழுதிவையுங்கள். செலவு ஒரு தாள்தான்.