அகஸ்தியன்பள்ளி – கோடியக்கரை நடைவழி: கோரிக்கை மனு

அனுப்புநர்:
வேதாரண்யம் வட்டாரத்தில் காலை நடை செல்வோர் சங்கத்தின் நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
வேதாரண்யம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாகப்பட்டினம்.
மாவட்ட வன அலுவலர் அவர்கள், நாகப்பட்டினம்.

நகல்: சுற்றுலாத் துறை மற்றும் தொல்லியல் துறை அலுவலர்களின் மேலான கவனத்திற்கு.

பொருள்: அகஸ்தியன்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவிடம் முதல் கோடியக்காடு, கோடியக்கரை வரை முதியோரும் சிறுவரும் எளிதில் நடக்கத்தக்க வழிகளை அமைத்துத் தரவும், வழியிலுள்ள வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சோழமண்டலக் கரை தெற்கே இறங்கி வந்து, திடீரென மேற்கே திரும்பும் முனையில் இருப்பவர்கள் நாங்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை, நடுவே காடு. ஏறவோ இறங்கவோ மலை கிடையாது. மூட்டுவலிக்காரரும், இதய சிகிச்சை முடிந்து மருத்துவர் நடக்கச் சொன்னவரும், பேரனைக் கையில் பிடித்த பாட்டியும் நிதானமாக நடந்து பார்க்கக்கூடிய சமதரை இது. கடலும் காடும் வரலாறும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடம் தமிழகக் கரையில் அரிது என்பது எங்கள் உறுதியான கருத்து. இருந்தும் வெளியூரிலிருந்து வருபவர்கள் காரில் வந்து கடலைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்புகிறார்கள். நடந்து பார்க்க வழி எது என்று சொல்ல ஒரு பலகை இல்லை. இந்த மனுவுக்குக் காரணம் அதுதான்.

இந்த மண்ணின் பெருமையே நடையால் வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் உப்பு சத்தியாகிரகத்துக்காக நூறு பேர் அளவிலான தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த தார்ன் எச்சரித்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். இந்தப் போராட்டத்துக்குத் துணைநின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை சொத்தை இழந்தார். முகம் மழித்துக்கொள்ள வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டுச் சிறைக்குப் போன நாவிதர் வைரப்பனை எங்கள் ஊரில் இன்றும் பெயர் சொல்லித்தான் பேசுகிறோம்.

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி அகல ரயில் பாதை திறக்கப்பட்டது. ரயிலை விட்டு இறங்கினாலே உப்பளக் காற்று முகத்தில் அடிக்கிறது. ஆனால் இறங்கிய பயணிக்கு உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் எந்தப் பக்கம், உப்பளத்தைக் கரையில் நின்று பார்க்கலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, ரயில் நிலையத்திலிருந்து நினைவுத்தூண் வழியாக உப்பள ஓரம் வரை ஒரு சிறு நடைவழி. பாத்தியில் உப்பு பூத்து, தொழிலாளர்கள் அதை வாரிக் குவித்து, மழைக்கு அஞ்சிக் கீற்று வேய்ந்து மூடும் வேலையை வருபவர்கள் கண்ணால் காண வேண்டும். 1930இல் எதற்காக அடிபட்டார்கள் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும். வேலை செய்வோருக்கு இடையூறு வராதபடி, உப்பள உரிமையாளர்களையும் தொழிலாளர்களையும் கலந்தே இதை அமைக்க வேண்டுகிறோம்.

இரண்டாவது வழி கோடியக்காட்டில் தொடங்க வேண்டும். அங்குள்ள குழகர் கோயில் சுந்தரர் பாடிய தலம். சேரமான் பெருமாளுடன் வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் இந்தக் கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருக்கிறாரே என்று மனம் கலங்கிப் பாடினார் என்பது அடியார் மரபு. கல்கியின் பொன்னியின் செல்வனில் பூங்குழலி வரும் கோடிக்கரையும் இதுதான். அந்த நாவல் திரைப்படமாக வெளிவந்த பிறகு அந்தக் கோயிலையும் புதைசேற்றையும் கலங்கரை விளக்கத்தையும் தேடி இளைஞர்கள் நிறையவே வருகிறார்கள். அங்கிருந்து காட்டோரமாக ராமர் பாதம் வரை செல்லும் வழி பழக்கமானது. சுற்றுவட்டாரத்திலேயே உயர்ந்த மேடு அதுதான். மேலே நின்றால் காட்டின் தலைமுழுவதும் தெரியும். காட்டுக்குள் தர்காவும் உண்டு, முனியன் கோயிலும் உண்டு. எல்லா ஊராரும் வந்து போகும் காடு இது.

இந்தக் காடு 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். 2002 முதல் ராம்சார் ஈரநிலம். வெளிமானும் மட்டக்குதிரையும் நரியும் வாழும் இடம். வலசை வரும் பூநாரைகளுக்கும் பிற பறவைகளுக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். எனவே புதிய பாதை எதையும் வெட்ட வேண்டாம் என்பதைக் கோரிக்கையாகவே வைக்கிறோம். ஏற்கெனவே ஆள் நடமாடும் தடங்களை மட்டும் வனத்துறையின் அனுமதியோடு, காலை மாலை குறிப்பிட்ட நேரத்தில், சிறு குழுவாக, உடன் ஒரு வழிகாட்டியோடு திறந்துவிட்டால் போதும். கடலாமை முட்டையிட வரும் மாதங்களில் இரவில் கடற்கரைக்கு யாரையும் விட வேண்டாம். வெளிமான் குட்டி ஈனும் பருவத்தில் ஒரு தடத்தை மூட நேர்ந்தால் மூடுங்கள். முதலில் கட்டுப்படுபவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

தடத்தில் சிமென்ட் கல் பதிக்க வேண்டாம். மின்விளக்குக் கம்பமும் வேண்டாம். மண்தரை முழங்காலுக்கு நல்லது, காட்டுக்கும் நல்லது. தேவைப்படுவது ஒன்றே ஒன்று: சீமைக் கருவேலத்தை வழியோரத்திலிருந்து வேரோடு அகற்ற வேண்டும். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். உள்ளே ஒடிந்த முனை பல நாள் சீழ் வைத்து வதைக்கும். சர்க்கரை நோயாளிகள் இந்த முள்ளுக்குப் பயந்தே காட்டோர நடையைக் கைவிட்டிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பழைய மரங்களைச் சாய்த்த இடங்களில் இந்த முட்செடி முந்திக்கொள்ளாமல் பாலை, நாவல், உகா போன்ற இம்மண்ணின் மரங்களை நட்டு வளர்க்கவும் வேண்டுகிறோம்.

மூன்றாவது வழி கோடியக்கரை மீனவர் குடியிருப்பிலிருந்து கடலோரமாகப் பழைய கலங்கரை விளக்கம் இருந்த இடம் வரை. இதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சோழர் காலத்தது என்று தலைமுறை தலைமுறையாக ஊரார் சொல்லிவந்த செங்கல் கட்டுமானம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிதைந்தது. எஞ்சியதைக் கடற்காற்றும் உப்பும் அரிக்கின்றன. பொழுதுபோக்காக வருபவர்கள் மேலே ஏறிப் படம் எடுக்கிறார்கள், கல்லில் பெயர் கீறுகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உதிர்கிறது. தொல்லியல் துறை வல்லுநர்கள் நேரில் வந்து அளந்து, படமெடுத்து, எஞ்சியதை நிலைநிறுத்த வேண்டும். சுற்றி ஒரு எளிய வேலி போட வேண்டும். அதன் காலத்தை அவர்கள் ஆராய்ந்து சொல்வதையே பலகையில் எழுதுங்கள். ஊர் வழக்கை ஊர் வழக்கு என்றே குறிப்பிட்டால் போதும். இந்த மனுவில் உள்ள எல்லாவற்றிலும் தாமதம் தாங்காத கோரிக்கை இதுதான். நடைவழி ஓராண்டு தள்ளிப்போனால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம், அந்தச் செங்கல் பொறுக்காது.

அறிவிப்புப் பலகைகள் பெரிய எழுத்தில், கண்ணுக்கு நேரான உயரத்தில், தமிழில் முதலில் இருக்கட்டும். எழுதும் பொறுப்பை உள்ளூர் வரலாற்று ஆசிரியர்களிடம் ஒப்படைத்தால் பிழை வராது. மரக்கிளையில் சோறு கட்டிய கதையும் வைரப்பன் கதையும் அவற்றில் இடம்பெற வேண்டும்.

குடிநீர், நிழலில் சில இருக்கைகள், பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் சரியாக உள்ள கழிப்பறை ஆகியவை ஒவ்வொரு வழியின் தொடக்கத்திலும் வேண்டும். கடற்கரை மணலில் எந்தக் கட்டடமும் வேண்டாம். ரயில் நேரத்துக்கு ஒத்தபடி அகஸ்தியன்பள்ளியிலிருந்து கோடியக்கரைக்கு ஒரு சிற்றுந்து ஓடினால் சொந்த வாகனம் இல்லாதவர்களும் வர முடியும். காட்டு வழியில் கார்களை நுழைவாயிலோடு நிறுத்தி, நடக்க இயலாதவர்களுக்கு மட்டும் மின்கல வண்டி விடலாம். ஆடி, தை அமாவாசை நாட்களில் ஆதிசேது எனப்படும் கோடியக்கரைக் கடலில் நீராட வரும் கூட்டம் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக்கைக் குரங்கும் மானும் தின்கின்றன. அந்நாட்களில் நுழைவிலேயே பைகளைச் சோதித்து, துணிப்பை வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பணிக்கு எங்கள் உறுப்பினர்கள் கூலியின்றி வருவார்கள்.

வழிகாட்டிகள் வெளியூர் நிறுவனத்திலிருந்து வர வேண்டாம். உப்பளத்தில் மழைக்கால மாதங்களில் வேலை இருக்காது. அந்த நேரத்தில்தான் பறவைகள் வருகின்றன, பார்ப்பவர்களும் வருகிறார்கள். உப்பளத் தொழிலாளர்களுக்கும் மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கும் வனத்துறை பயிற்சி அளித்து, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தால், வருமானமே இல்லாத மாதங்களில் வீட்டில் அடுப்பெரியும். காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் பிடிப்பு வரும்.

இக்கோரிக்கைகளை ஆராய, வனத்துறை, தொல்லியல், சுற்றுலா, வருவாய்த் துறை அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் உப்பளத் தொழிலாளர், மீனவர் பிரதிநிதிகளும் அடங்கிய கூட்டம் ஒன்றைக் கூட்ட வேண்டுகிறோம். கூட்டத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அலுவலர்கள் எங்களுடன் இந்த மூன்று வழிகளையும் நடந்து பார்க்க வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். வரும் பறவைப் பருவம் தொடங்குமுன் பழைய கலங்கரை விளக்க எச்சத்துக்காவது வேலி அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்
இடம்: வேதாரண்யம்