'திடீர் டூர்' என்னும் புருடா

"பிளான் பண்ணா எந்த டூரும் நடக்காது மச்சி. திடீர்னு கிளம்பினாதான் நடக்கும்."

செங்கல்பட்டிலிருந்து கேளம்பாக்கம் வரை எந்த காலேஜ் ஹாஸ்டலில் போய்க் கேட்டாலும் இந்த வேதவாக்கு கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தன் "கொடைக்கானல்?" என்பான். பத்தரைக்கு யாரோ ஒருத்தனின் அண்ணன் கார் வரும். பதினொன்றுக்கு பரனூர் டோல்கேட் தாண்டியாகிவிடும். மறுநாள் கோக்கர்ஸ் வாக்கில் நின்று எடுத்த போட்டோவுக்குக் கீழே "அன்பிளான்ட் டிரிப் ஈஸ் த பெஸ்ட் டிரிப்" என்று ஒரு பீட்டர். பார்த்தவனுக்கெல்லாம் வயிறு எரியும். அடுத்த வாரம் அவனும் கிளம்புவான்.

நல்லது, கிளம்பட்டும். ஆனால் அந்த போட்டோவை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அதில் யார் இருக்கிறார்கள் என்பதை விடுங்கள். யார் இல்லை?

பெண்கள் இல்லை. ஹாஸ்டல் பெண்ணுக்கு மாலையில் இன்-டைம். ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து லெட்டர், அப்பாவின் கையெழுத்து, வார்டனின் போன் கால் என்று இரண்டு நாள் முந்தியே வேலையை ஆரம்பிக்க வேண்டும். பத்து மணிக்குத் தோன்றி பதினொன்றுக்குக் கிளம்புகிற டூரில் அவளுக்கு இடமே கிடையாது. அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான். கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

கையில் காசில்லாதவனும் இல்லை. பெட்ரோல், டோல், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ரெண்டாயிரம் என்றால் ஒரு மாதம் முன்பு சொன்னால் மிச்சம் பிடித்திருப்பான். ராத்திரி பத்து மணிக்குக் கேட்டால், "லேசா காய்ச்சல்டா, நீங்க போய்ட்டு வாங்க" என்பான். அந்தக் காய்ச்சலை இவர்களும் நம்புவது போல் நம்பிவிட்டுப் போவார்கள். மாலையானால் அப்பாவோடு கடையில் நிற்க வேண்டிய டே ஸ்காலரும் போட்டோவில் இல்லை. ஆக, 'மொத்த கேங்கும் போனோம்' என்று சொல்லப்படும் திடீர் டூரில் போனது ஐந்து பேர். நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்தவர்கள் மட்டும். இதற்குப் பெயர் சுதந்திரம் என்றால், அது யாருடைய சுதந்திரம்?

இன்னொரு வேடிக்கை. திடீர், திடீர் என்கிறார்களே, எல்லோருடைய திடீரும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுகிறதே, எப்படி? ஞாயிறோடு ஒரு திங்கள் லீவு ஒட்டிக்கொண்டால் போதும், தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் ஞானோதயம் வந்துவிடும். கேலண்டர் போட்ட பிளானைத்தான் இவர்கள் தங்கள் மனதின் குரல் என்று நினைத்துக் கொள்கிறார்கள் :-)

மலை அதைத் தாங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான சீசனுக்கு எண்ணிக்கையே குறித்துவிட்டார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. உடனே "சொந்த ஊர்ல சுத்தறதுக்கு பாஸா?" என்று புலம்பல். அந்த மலையில் குடியிருப்பவனுக்கும் அது சொந்த ஊர்தானே ஐயா? பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு கீழே இறங்குகிற ஆம்புலன்ஸ், செல்ஃபிக்காக ஓரங்கட்டிய கார்களுக்குப் பின்னால் நிற்கும்போது யாருடைய 'திடீர்' முக்கியம்?

அடுத்தது ராத்திரிப் பயணம். செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போனால் நானூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பகல் பூராவும் கிளாசில் உட்கார்ந்தவன் ராத்திரி பூராவும் வண்டி ஓட்டுகிறான். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை கண் தானாகச் சொக்கும் நேரம். பின் சீட்டில் நாலு பேரும் குறட்டை. அந்தத் தூக்கக் கண்ணோடு காட் ரோடு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்பதெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில் மட்டும் ஓட்டிப் பழகியவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"மஞ்ஞும்மல் பாய்ஸ் பாத்தியா? ஃபிரண்ட்ஷிப்னா அது!" என்பார்கள். பார்த்தோம். 2006ல் கொச்சிப் பக்கமிருந்து கொடைக்கானல் வந்த நண்பர் கூட்டத்தில் சுபாஷ் குணா குகையின் குழிக்குள் விழுந்தார். சிஜு டேவிட் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கி வந்தார். 2024ல் வந்த படம் அதைத்தான் காட்டியது. சிஜுவின் தைரியத்துக்கு ஆயிரம் கும்பிடு போடலாம். ஆனால் தடை போட்ட இடத்துக்குள் கால் வைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தைரியத்துக்குத் தேவையே வந்திருக்காது. படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த வேலியை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

இங்கே எதிர்க்கட்சி ஒரு கேள்வி கேட்கும், நியாயமான கேள்விதான். "குரங்கணிக்குப் போனவர்கள் பிளான் பண்ணித்தானே போனார்கள்?" ஆமாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்கள் மொத்தம் 23 பேர். சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து குழுவாகப் போனவர்கள், பலர் இளம் பெண்கள். பஸ், ஆள், சாப்பாடு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. ஆனால் மார்ச் மாதத்தில் அந்த மலைப்புல் காய்ந்து பொறிக்குக் காத்திருக்கும் என்பதும், எந்தப் பாதைக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்பதும்தான் உண்மையான பிளான். ரூம் போடுவது பிளான் அல்ல. அதற்குப் பிறகுதான் அதே 2018ல் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை அறிவித்து, கூட வர ஆளும் கொடுத்து, ஆன்லைனில் பதிவு செய்ய வழி செய்தது. 23 பேர் செத்த பிறகு வந்த ஏற்பாடு அது. அதையும் பார்க்காமல் "திடீர்னு போனாதான் கிக்கு" என்பவனை என்ன சொல்ல?

சரி, பிளான் போட்ட டூர் ஏன் ஊத்திக்கொள்கிறது? நாற்பது பேர் வாட்ஸ்அப் குரூப்பில் கோவாவா ஊட்டியா என்று மூன்று மாதம் ஓட்டுப் போட்டால் ஊத்தத்தான் செய்யும். அதற்குப் பெயர் பிளான் இல்லை, எலெக்ஷன். ஒருத்தர் பொறுப்பெடுத்து, தேதி சொல்லி, காசை மாதா மாதம் கொஞ்சமாக வசூலித்து, ஹாஸ்டல் லெட்டர்களை வாங்கிக் கொடுத்தால் டூர் நடக்கும். அந்த ஒருத்தராக இருக்க யாருக்கும் இஷ்டமில்லை. அந்தச் சோம்பலுக்குத்தான் 'ஸ்பான்டேனியஸ்' என்று இங்கிலீஷ் பெயர்.

"மலை வேணாம், பக்கத்துல மகாபலிபுரம் இருக்கே, அதுக்கு என்ன பிளான்?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கடலைப் பற்றிக் கடற்கரைக் கோயில் பக்கம் வலை உலர்த்தும் மீனவரைக் கேளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவனின் காலுக்குக் கீழே மணலை உருவிக்கொண்டு உள்ளே இழுக்கும் கடல் அது. அடிக்கடி செய்தித்தாளில் 'கல்லூரி மாணவர் அலையில் சிக்கி பலி' என்று நாலு வரி வருகிறதே, அந்த மாணவர்களும் திடீரென்று குளிக்க இறங்கியவர்கள்தான். முதலில் குதித்துத் தேடுவதும் அந்த மீனவர்கள்தான். அவர்கள் பிளானில் அது இல்லை.

திடீரென்றுதான் போக வேண்டும், மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் அதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மகாபலிபுரம் பஸ் ஏறினால் வழியில் பதினைந்து கிலோமீட்டருக்குள் திருக்கழுக்குன்றம். மேலே வேதகிரீஸ்வரர், ஐந்நூறுக்கு மேல் படி. மத்தியானம் சோறு வாங்கித் தின்ன வந்த இரண்டு கழுகுகளால் பட்சி தீர்த்தம் என்று பெயர் பெற்ற மலை. அந்தப் பறவைகளை இப்போது காணோம், அது தனிச் சோகம். மலையில் பல்லவர் குடைந்த ஒருக்கல் மண்டபம். அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் பெயர்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் பண்ணியவர்கள் மலையேறி வந்து கீறிவிட்டுப் போனது. (அதற்குக் கீழே உங்கள் டிபார்ட்மென்ட் பெயரையும் கீறாதீர்கள், புண்ணியமாகப் போகும்.)

இதற்கு இ-பாஸ் வேண்டாம், அண்ணன் கார் வேண்டாம், பஸ் காசு போதும். உச்சி வெயிலில் மட்டும் ஏறாதீர்கள், கல் படி கொதிக்கும். காலையில் போனால், லெட்டர் வாங்க முடியாத பெண்களும் காய்ச்சல் வந்த நண்பனும் உட்பட மொத்த கிளாசும் ஏறி இறங்கி, கீழே டீ குடித்துவிட்டு, ஹாஸ்டல் கேட் சாத்துவதற்குள் திரும்பிவிடலாம்.